ஸ்பிரிங்குக்குள் வைத்த ரப்பர்

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் அந்தச் சிப்பாய் என் காரை இரண்டு தரம் சுற்றி நடந்தான். காலை ஏழரை மணி இருக்கும். பின்னால் பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. சாவடியில் ஹோர்ன் அடிக்கிற துணிவு அந்த நாளில் ஒருவருக்கும் இருக்கவில்லை. கடல் பக்கத்து ஒழுங்கையால் உப்புக்காற்றும் டீசல் புகையும் சேர்ந்து வந்தன.

டிக்கியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். உள்ளே ஒரு ஸ்பெயார் ரயர், ஜாக்கி, கம்பி முறிந்த குடை. வேறொன்றும் இல்லை. மூடிவிட்டுப் பத்தடி பின்னுக்குப் போய் நின்று, தலையைச் சரித்துப் பார்த்தான்.

"நோனா, இந்தப் பக்கம் ஏன் இப்படிப் பதிந்து கிடக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டான். இடது பக்கத்துப் பின் மூலையைக் காட்டித்தான் கேட்டான்.

நான் பின் சீற்றைக் காட்டினேன். அங்கே என் கணவர், மடியில் விடைத்தாள் கட்டும் வாயில் சிவப்புப் பேனையின் மூடியுமாக உட்கார்ந்திருந்தார். "மஹத்தயா" என்றேன். சிங்களத்தில் கணவரை அப்படித்தான் சொல்வது. சிப்பாய் குனிந்து அவரை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றார் இவர், கார் நகர்ந்த பிறகு.

"உங்கட பாரத்துக்குக் கார் சரிஞ்சு போச்சாம்."

"அது அவன் சொன்னதோ, நீர் சொன்னதோ?"

"ரெண்டு பேரும்தான்."

அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டார்கள். அடுத்த நாள் நின்றவன் சிரிக்கவில்லை. பின்பக்கம் பதிந்த கார் என்றால் எங்கேயோ பாரம் ஒளித்து வைத்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பின் சீற்றைக் கழற்றினார்கள், அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள், இவரை றோட்டோரம் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு கிழமையில் நாலு நாளாவது இந்தச் சடங்கு நடந்தது.

இடது பின் மூலை

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவருடைய தமையன் கனடாவுக்குப் போனபோது எங்களிடம் விட்டுப்போன பழைய யப்பான் கார் அது. வெளிர் நீலம். இவர் ஓட்டப் பழக ஒரேயொரு தரம் முயற்சி செய்தார். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள், எங்கள் வீட்டுக் கேற்றிலேயே கொண்டுபோய் இடித்தார். இறங்கி வந்து திறப்பை என் கையில் வைத்துவிட்டு, "இனி இது உம்மட டிப்பார்ட்மென்ட்" என்றார். அன்றிலிருந்து நான்தான் சாரதி.

எனக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சு வேலை. இவர் அங்கேயே ஒரு டியூட்டறியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தார். ஒரே வழி, ஒரே நேரம். ஆனால் முன் சீற்றில் எனக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார். அங்கே விடைத்தாள்களைப் பரப்ப இடம் காணாதாம். பின் சீற்றில் இடது பக்கம்தான் அவருடைய சிம்மாசனம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை முதுகைக் கூனிக்கொண்டு பிழை பிழையாகக் கோடு போட்டுக்கொண்டு வருவார். எங்கேயாவது பிரேக் போட்டால், "பவானி, இப்ப ஒரு பிள்ளைக்கு அநியாயமா ரெண்டு புள்ளி போச்சு" என்பார்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம். அவருடைய நிறை எத்தனை கிலோ என்று இங்கே எழுதமாட்டேன். அவருடைய மாணவர்களும் இந்தத் தொடரை வாசிக்கிறார்கள். கார் ஒரு பக்கம் சரிந்தது ஆச்சரியமில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பாரூக் நானாவின் உள்ளங்கை

எங்கள் மெக்கானிக் பாரூக் நானா. மாளிகாவத்தையில் மாடிவீட்டுத் தொடர்களுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட கராஜ். எனக்கு அவரைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ குறைவு. என்னை 'மிஸ்' என்பார், இவரை 'மாஸ்டர்' என்பார். வாசலில் எப்போதும் கிரீஸ் மணமும், பக்கத்து வீட்டிலிருந்து பொரிக்கிற வெங்காய மணமும் கலந்திருக்கும்.

அவர் காரைப் பார்க்கிற விதமே ஓர் அழகு. பொனட்டைத் திறக்கமாட்டார். முதலில் நாலு மூலைக்கும் போவார். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்புப் பாரத்தைப் போட்டு அமத்தி, சட்டென்று கையை எடுப்பார். நல்ல கார் என்றால் ஒருதரம் எழும்பி அப்படியே நிற்க வேண்டும். எங்களுடைய இடது பின் மூலை எழும்பி, இறங்கி, எழும்பி, இறங்கி, நாலு தரம் தலையாட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பிறகு ரயரைத் தடவினார். என் கையையும் பிடித்து வைக்காத குறையாகக் காட்டினார். தேய்மானம் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தது. "இது சில்லு றோட்டுல ஒழுங்கா ஓடாம துள்ளித் துள்ளிப் போனதால வந்த" என்றார். கடைசியில் கீழே படுத்து டோர்ச் அடித்தார். ஸ்பிரிங்குக்கு நடுவில் இருந்த குழாயில் எண்ணெய் வடிந்து, அதில் புழுதி அப்பி, கறுப்பாக இருந்தது.

"ஷொக் அப்சோபர் போயிட்டுது, என்ன?" என்றார் இவர், எல்லாம் தெரிந்தவராக. "புதுசாப் போட்டால் கார் நிமிர்ந்திடும்."

"இல்ல மாஸ்டர். ஷொக் காரத் தூக்கிற இல்ல. காரத் தூக்கி வச்சீக்கிறது ஸ்பிரிங்."

"அப்ப ஷொக் என்னத்துக்கு?"

பாரூக் நானா எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். வெளியே சுற்றியிருக்கிற சுருள்தான் பாரத்தைச் சுமக்கிறது. ஆனால் சுருளை அதன்பாட்டில் விட்டால் ஒரு பள்ளத்துக்குப் பத்துத் தரம் ஆடும். உள்ளே இருக்கிற எண்ணெய்க் குழாய் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தூணாக நிற்பதைத்தான் ஸ்ட்ரட் என்பது. "ஒங்கட கார்ல ரெண்டும் போயிட்டு. ஸ்பிரிங் சோந்து போனதால சரிவு. எண்ணெ போனதால ஆட்டம். ஷொக்க மட்டும் மாத்தினா ஆட்டம் நிக்கும், சரிவு அப்பிடியே ஈக்கும்."

இவர் குனிந்து அந்தக் குழாயைத் தானும் ஒருதரம் பார்த்தார். பிறகு, "நான் முப்பது வருஷமாப் படிப்பிக்கிறது இதைத்தான். கேள்வியை மாத்திக் கேட்டவுடனை எனக்கே விளங்கேல்லைப் பார்" என்றார். இந்த மனிசனை எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இப்படியான ஒரு நிமிஷத்தைத்தான் சொல்வேன். பிழை என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்வார்.

ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக் கூடாது, இரண்டு பக்கமும் சோடியாக மாற்ற வேண்டும் என்றார் பாரூக் நானா. எங்கள் காருக்குச் சரியான சோடி அப்போது பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருக்கவில்லை. அடுத்த கொள்கலன் வரும்வரை ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். "அது வரைக்கும் மாஸ்டர வலப் பக்கம் இருத்துங்க."

"வலப் பக்கம் காலமை வெயில் அடிக்கும்" என்றார் இவர். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

சாவடிக்கு வெளிக்கிடுதல்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் செய்த மடைத்தனம் யாருக்கும் விளங்காது.

அந்த யுத்த வருஷங்களில் வெள்ளவத்தைத் தமிழர் நாங்கள் வேலைக்கு உடுத்து வெளிக்கிடுவது ஒன்று, சாவடிக்கு வெளிக்கிடுவது இன்னொன்று. அடையாள அட்டையை எடுக்க வசதியாகச் சட்டையின் மேல் பையில் வைப்பது. பொலிஸ் பதிவுத் துண்டை அதற்குப் பின்னால் வைப்பது. பொட்டைச் சின்னதாக்குவது, சில நாளில் இல்லாமலே போவது. கார் என்றால் டிக்கியில் ஒரு பையும் வைக்காமல் விடுவது. கண்ணாடியை முதலே இறக்குவது. முகத்தில் அவசரமும் காட்டாமல், பயமும் காட்டாமல் இருப்பது. கலியாண வீட்டுக்குக்கூட நான் அவ்வளவு கவனமாக வெளிக்கிட்டதில்லை.

இத்தனையும் செய்துவிட்டுக் கார் மட்டும் சரிந்துகொண்டு நின்றால் எப்படி? நாங்கள் எல்லாரும் ஒழுங்காக வெளிக்கிட்டு நிற்க, அது மட்டும் தலை சீவாமல் நிற்கிறது போல எனக்குப் பட்டது. காரையும் வெளிக்கிடுத்தத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு நாள் இவரை டியூட்டறியில் இறக்கிவிட்டு, வழியில் இருந்த ஒரு ரயர்க் கடையில் கேட்டேன். அங்கே இருந்தவன் யோசிக்கவே இல்லை. தடித்த ரப்பர் வளையம் நாலு எடுத்தான். ஜாக்கி அடித்துக் காரைத் தூக்கி, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையில் பக்கத்துக்கு இரண்டாகச் செருகினான். பதினைந்து நிமிஷம். ஜாக்கியை இறக்கினால் கார் நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்தது மட்டுமில்லை, பின்பக்கம் முன்னையைவிட இரண்டு விரல் உயரம்.

பாரூக் நானாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், சுருள் அமுங்குவதற்குத்தானே இடைவெளி விட்டிருக்கிறது, அதை அடைத்தால் அது எப்படி ஸ்பிரிங் என்று விரிவுரை தொடங்குவார். அவர் இருந்த பன்னிரண்டு வருஷத்தை அவருக்குத் தெரியாமலே நிமிர்த்திவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம், ஒரு புளுகம்.

இரண்டு கிழமை சொர்க்கம். ஒருத்தரும் மறிக்கவில்லை, கையை ஆட்டிப் போகச் சொன்னார்கள். இவர்தான் ஓயாமல் முனகினார்.

"பவானி, கார் என்ன கல்லு மாதிரி இடிக்குது?"

"றோட் சரியில்லை."

"முதுகு நோகுது."

"சோத்தைக் குறையுங்கோ. எல்லாம் உங்கட பாரம்தான்."

இதை நான் பகிடியாகத்தான் சொன்னேன். இருந்தாலும் சொன்னேன்.

மூன்றாம் கிழமை, நான் தனியாக வந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், கொள்ளுப்பிட்டியில் ஒரு சார்ஜன் மறித்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், மீசை நரைத்த மனிதர். கார் வெறுமையாக இருக்கிறது, ஆனால் பின்பக்கம் ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டார். பாரம் ஏற்றப்போகிறவர்கள் முதலே பின்பக்கத்தைக் கடினமாக்கி உயர்த்தி வைப்பார்களாம். ஏற்றின பிறகு அது மட்டமாகத் தெரியுமாம். சரிந்தாலும் குற்றம், நிமிர்ந்தாலும் குற்றம்.

ரப்பர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'மாற்றிச் செய்தது' என்ற சொல்லே எனக்கு அப்போது பெரிய பயங்கரமாகப் பட்டது. "புது ஸ்பிரிங் போட்டது" என்று பொய் சொன்னேன். பொலிஸ் நிலையத்தில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்து, பெயர், விலாசம், கார் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, 'புது ஸ்பிரிங்' என்பதையும் எழுதிக்கொண்டு விட்டார்கள். வீட்டில் இவரிடம், ஒபிசில் கூட்டம் என்றேன்.

இனி ரப்பரைக் கழற்றவும் வழியில்லை. கழற்றினால் கார் இறங்கும். புது ஸ்பிரிங் எப்படி இறங்கியது என்று கேட்பார்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக இன்னும் ஒரு கிழமை அப்படியே ஓடினேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹம்ப்

அந்தக் கிழமையில்தான் அது நடந்தது. கொட்டாஞ்சேனைக்குள் திரும்புகிற இடத்தில் புதிதாக ஒரு சாவடி போட்டு, அதற்கு முன்னால் தார் குவித்து ஒரு ஹம்ப் கட்டியிருந்தார்கள். எனக்குத் தெரியாது. கொஞ்சம் வேகமாகத்தான் ஏறினேன். பின்பக்கம் தூக்கி எறிந்தது. பின்னாலிருந்து சத்தம் வரவில்லை, மூச்சு மட்டும் ஒருதரம் உள்ளே இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் விடைத்தாள் முழுக்கக் கீழே கிடக்கிறது, இவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு சரிந்து கிடக்கிறார்.

"பவானி, இடக்கால் எனக்குத் தெரியேல்லை" என்றார்.

ஆஸ்பத்திரியில் முதுகுத் தட்டு ஒன்று விலகி நரம்பை நெரிக்கிறது என்றார்கள். இடது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. சத்திரசிகிச்சை செய்தார்கள். நான் விறாந்தையில் டொக்டரைத் தனியாகப் பிடித்து, "கார் குலுங்கினதாலை வருமோ?" என்று கேட்டேன். யாரோ வேறு ஆளுடைய காரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"வரலாம். ஆனால் தட்டு கனகாலமாத் தேய்ஞ்சிருக்கு. கடைசி இடி எது எண்டு ஆர் சொல்லுறது?" என்றார்.

எனக்குத் தெரியும், எது என்று. நாலு ரப்பர் வளையம். நான் வாங்கினது, நான் வைத்தது, நான் கழற்றாமல் விட்டது. என் புருஷனின் காலை நான்தான் எடுத்தேன் என்று நினைத்தேன். அந்த நினைவோடு பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். அவர் தின்றார். சொல்லுவோம் என்று வாயெடுத்த ஒவ்வொரு தரமும், "நீர் வீட்டை போய்க் கொஞ்சம் படும், கண் சிவந்து கிடக்கு" என்பார். எப்படிச் சொல்வது?

இரண்டு கிழமையில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். நரம்பு மீளும், கால் வரும், ஆனால் ஆறு கிழமைக்கு முதுகு அதிரக் கூடாது. அதிர்ந்தால் தட்டு திரும்பவும் விலகலாம், பிறகு காலைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

பின் சீற்றில் ஒரு மெக்கானிக்

நேரே பாரூக் நானாவிடம் போனேன். கொள்கலன் வந்து, சோடியும் வந்திருந்தது. அவர் வழக்கம் போல் மூலையில் கையை வைத்து அமத்தினார். கார் அசையவே இல்லை. என்னைப் பார்த்தார். கீழே படுத்துப் பார்த்தார். எழும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"மிஸ், இத யாரு வச்ச?"

நான் சொன்னேன். ரயர்க் கடை, சார்ஜன், பொய், ஹம்ப், எல்லாம். அந்தத் தகரக்கூரைக்குக் கீழே நின்று அழுதேன். அவர் ஒரு பழைய சீற்றை இழுத்துப்போட்டு என்னை இருத்தி, பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். திட்டுவார் என்று பார்த்தால், "பயத்துல செஞ்ச வேல மிஸ். இந்த ஊர்ல ஆரு பயத்துல ஒண்டும் செய்யாத?" என்றார்.

பிறகு வேலையைத் தொடங்கினார். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொளுக்கி போட்டு நெருக்கி இறுக்கிய பிறகுதான் மேல் நட்டில் கை வைத்தார். நெருக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் சுருள் பாய்ந்து ஆளையே அடித்துவிடும் என்று சொல்லி, என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். புது ஸ்ட்ரட் இரண்டும் பின்னுக்குப் பூட்டினார். தலைப்பக்கத்து ரப்பர் மெத்தையையும், புழுதி போகாமல் மூடுகிற ரப்பர் உறையையும் புதிதாகப் போட்டார். ரயர்களின் காற்றைக்கூடக் கொஞ்சம் குறைத்தார்.

"கார் எறங்கும் மிஸ். சரியான ஒசரத்துக்குத்தான் எறங்கும். ஆனா அந்த சார்ஜன் கண்டா கேப்பார்."

"கேக்கட்டும். இவருக்கு அதிரக் கூடாது."

"அப்ப பாத்துருவோம்" என்று சொல்லி, கையைக் கழுவி, பின் சீற்றில் ஒரு பாயை விரித்து, தானே நீட்டி நிமிர்ந்து படுத்தார். மாளிகாவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை போய் வரச் சொன்னார். ஒவ்வொரு ஹம்பிலும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இது சரி. இது இன்னும் மெல்லமா ஏறோணும். பிரேக்க ஹம்புக்கு முந்தி விடுங்க, ஏறக்குள்ள பிடிக்காதீங்க, மூக்கு குத்தும்."

கொட்டாஞ்சேனைச் சாவடியில் சிப்பாய் எட்டிப் பார்த்தான். தாடி வைத்த ஒருவர் கிரீஸ் சாரத்தோடு கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறார். "அசனீபமா?" என்று கேட்டான், சுகமில்லையா என்று. பாரூக் நானா கண்ணைத் திறக்காமலே சிங்களத்தில், "சுகமாக இருக்கிறேன். சுகமில்லாத ஆள் நாளைக்கு வருவார்" என்றார். அதை விளங்கப்படுத்த எங்களுக்குப் பத்து நிமிஷம் சென்றது.

சார்ஜனின் கேள்வி

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு இவரை ஏற்றினேன். முன் சீற்றைப் படுக்கப் போட்டு, பின்னுக்கும் முன்னுக்குமாகப் பலகை வைத்து, பஞ்சு மெத்தை போட்டு, நீட்டிப் படுக்க வைத்தோம். ஹவ்லொக் வீதி குழாய் போடக் கிண்டிக் கிடந்ததால் கொள்ளுப்பிட்டியால்தான் வரவேண்டியிருந்தது. முதல் ஹம்பில், "நோகுதோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார்.

சாவடியில் அதே சார்ஜன் நின்றார்.

காரைக் கண்டதும் கையை நீட்டினார். நோயாளி என்றேன், ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினேன். வாசித்தார். பிறகு பின்னுக்குப் போய்ப் பார்த்தார். டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினார். ஸ்ட்ரட்டின் தலைப்பக்க நட்டுகள் புதுசாக மின்னிக்கொண்டு இருந்தன. அவருக்குக் காரைப் பற்றித் தெரிந்திருந்தது.

"போன மாதம் புது ஸ்பிரிங் போட்டதாகச் சொன்னீர்கள். கார் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. இந்த நட்டு நேற்றுப் பூட்டியது. எது உண்மை?" என்றார். "ஆளை இறக்குங்கள். மெத்தையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்."

இவரை இறக்குவதா? தூக்கி எழுப்புவதா, அந்தத் தாரில், அந்த வெயிலில்? நான் கதவுக்கும் சார்ஜனுக்கும் நடுவில் போய் நின்றேன். இவர் ஒரு முழத்துக்கு உள்ளே படுத்திருக்கிறார், கண்ணாடி இறக்கி இருக்கிறது. தனக்குச் சிங்களம் வராது என்று ஊரெல்லாம் சொல்வார். ஒரு சொல் விடாமல் விளங்கும் என்பது எனக்குத் தெரியும்.

சொன்னேன். அலுவலகச் சிங்களம்தான், இலக்கணம் எல்லாம் தடக்கியது. புது ஸ்பிரிங் என்றது பொய். ரப்பர் வைத்தது நான். கார் சரிந்திருந்தால் நீங்கள் மறிக்கிறீர்கள், அதற்காக வைத்தேன். பிறகு உயரம் என்று மறித்தீர்கள், பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ரப்பரைக் கழற்றவில்லை. அந்த ரப்பரால்தான் இவருடைய முதுகு போனது. இவருக்கு இது தெரியாது. நேற்றுத்தான் எல்லாம் கழற்றிச் சரியானதைப் பூட்டியது. இவரை இறக்கினால் கால் வராது. "பய ஹிதுணா" என்றேன். பயமாக இருந்தது. அதை மூன்று தரம் சொன்னேன்போல.

சார்ஜன் என்னைப் பார்த்தார். குனிந்து இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சார்ஜன் மெத்தைக்குக் கீழே தன் கையையே விட்டு, பலகையின் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். அடியில் கண்ணாடி பிடித்தார். எல்லாம் சேர்ந்து அரை மணித்தியாலம் சென்றிருக்கும். பிறகு முன்னால் வழிமறித்து வைத்திருந்த பீப்பாவை ஒருவனிடம் ஓரமாக அரக்கச் சொல்லி, "மெதுவாகப் போங்கள்" என்றார்.

காரை எடுத்தேன். பின்னால் சத்தமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'ஏன் பவானி' என்று ஒரு சொல் கேட்டிருந்தாலும் போதும். கண்ணாடியில் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. சாவடியை விட்டு வெளியேறுகிற இடத்தில் ஒரு ஹம்ப். பிரேக்கை முதலே விட்டு, ஊர்ந்து ஏறினேன்.

"நோகேல்லை" என்றார்.

நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

பம்பலப்பிட்டியில் இரண்டு ஹம்ப். "நோகேல்லை." மற்றதிலும், "நோகேல்லை." எனக்குக் கண் மறைக்கத் தொடங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். பாலத்து ஏற்றத்தில், தண்டவாளப் பக்கம் தார் பெயர்ந்த இடத்தில், எங்கள் ஒழுங்கையின் ஒவ்வொரு குழியிலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கேற்றடியில் நிற்பாட்டினபோது, "ஒரு இடத்திலையும் நோகேல்லை, பவானி. நல்ல வடிவா ஓட்டினனீர்" என்றார்.

அயல்வீட்டுக்காரர் நாலு பேர் வந்து விரிப்போடு தூக்கினார்கள். கட்டிலில் வளர்த்திவிட்டுச் சேர்ட்டை மாற்றப் பொத்தானைக் கழற்றினேன். சேர்ட் தெப்பலாக நனைந்திருந்தது, பிழிந்தால் தண்ணீர் ஓடும். கீழ் உதட்டில் பல் பதிந்து இரத்தம் காய்ந்து கிடந்தது. அவர் நல்ல நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாதம் பழையபடி தூக்குவதற்கு நாலு மாதம் சென்றது. ஆனால் அன்றைக்கு அது வருமா வராதா என்று எங்களுக்குத் தெரியாது. நான் உதட்டைத் துடைத்துவிட்டு, பெனியனை மாற்றிவிட்டு, விறாந்தையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பின்னேரம் டெலிபோன் அடித்தது. பாரூக் நானா.

"எப்பிடி மிஸ்? மாஸ்டருக்கு வழியில நொந்ததா?"

"ஒரு இடத்திலையும் நோகேல்லையாம், நானா" என்றேன்.